மிட்வைஃப் பட்டப்படிப்பு, மூன்று வருடம்: சேரலாம், ஆனால் இதையெல்லாம் தெரிந்துகொண்டு

இங்கிலாந்தில் மிட்வைஃபரி, அதாவது கர்ப்பிணிகளைக் கவனித்துப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிக்கான பி.எஸ்சி. முடித்து வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. படிப்பு எப்படி, சேரலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில், இது நர்சிங்கில் ஒரு பிரிவு இல்லை. என் அம்மா இன்னமும் சொந்தக்காரர்களிடம் "பொண்ணு நர்சுக்குப் படிச்சா" என்றுதான் சொல்கிறார், எத்தனை தடவை திருத்தினாலும் அப்படித்தான். இங்கே இதற்குத் தனிப் பட்டம், தனிப் பதிவு. சிக்கலில்லாத கர்ப்பம் என்றால் முதல் பரிசோதனையிலிருந்து பிரசவம் வரைக்கும் டாக்டர் எட்டிப் பார்க்காமலேயே மிட்வைஃப் பார்த்து முடித்துவிடுவார், சிக்கல் வருகிறதென்றால் அதை முதலில் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

படிப்பில் பாதி வகுப்பு, பாதி ஆஸ்பத்திரி. எங்களுக்கு மொத்தம் 4,600 மணி நேரம். 40 பிரசவம் நம் கையால் பார்த்திருக்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கு 100 பரிசோதனை செய்திருக்க வேண்டும், ஒவ்வொன்றையும் கூட இருக்கும் மிட்வைஃப் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வகுப்பில் கற்றதைவிட இதில் கற்றதுதான் எனக்கு நின்றது. வயிற்றுக்குள் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க, பினார்டு என்று மரத்தில் ஒரு சின்னக் குழல் உண்டு. வயிற்றைத் தடவி, குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று விரலால் கண்டுபிடித்து, அங்கே குழலை வைத்துக் காதை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். முதல் சில வாரம் எனக்கு என் நாடிதான் கேட்டது. அப்புறம் ஒரு நாள், தலையணைக்கு அடியில் கடிகாரம் ஓடுகிற மாதிரி சன்னமாக டிக் டிக் என்று வந்தது பாருங்கள், அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு "கேட்குது, கேட்குது" என்றேன்.

இன்னொரு இரவு, யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர், இங்கிலீஷ் அவ்வளவாக வராது, வலி உச்சத்தில். போனில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பதற்குள் "அக்கா, பயப்படாதீங்க, மூச்சை மெதுவா விடுங்க" என்று நான் சொன்னதும் என் பக்கம் திரும்பி என் சட்டையைப் பிடித்தவர், குழந்தை பிறக்கிறவரைக்கும் விடவில்லை. தமிழ் தெரிந்த பெண்கள் இந்தப் படிப்புக்கு வர வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம்.

சரி, குறைகள். நான் படித்த இடத்தில் ஷிப்ட் அட்டவணை கடைசி நேரத்தில்தான் வரும், 12 மணி நேர இரவு வேலை முடித்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து கட்டுரை எழுத உட்கார வேண்டும். பகுதி நேர வேலைக்குப் போய்ச் சமாளிக்கலாம் என்று யாரும் கணக்குப் போடாதீர்கள், எங்கள் வகுப்பில் பாதியில் நின்றவர்கள் பலர் பணத்தால்தான் நின்றார்கள். 2025-26க்கு உள்ளூர் மாணவர் கட்டணமே வருடத்துக்கு 9,535 பவுண்ட் வரை. 2020லிருந்து வருடம் 5,000 பவுண்ட் பயிற்சி மானியம் தருகிறார்கள், அதைத் திருப்பிக் கட்ட வேண்டாம், ஆனால் வெளிநாட்டு மாணவர் விசாவில் வருகிறவர்களுக்கு அது கிடையாது, கட்டணமும் பல மடங்கு. ஊரில் ஏற்கெனவே நர்சிங் முடித்தவர்கள் முதலில் இங்கே நர்சாகப் பதிவு செய்துகொண்டு, நர்சுகளுக்கென்று இருக்கும் சுருக்கப் படிப்பில் சேர வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை? இங்கே அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ்.சில் பேண்ட் 5 என்ற சம்பளப் படியில் தொடங்கி, ஆரம்பப் பயிற்சிக் காலம் முடிந்ததும் பேண்ட் 6. பிரசவ வார்டு, வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் கம்யூனிட்டி வேலை, பிரசவ மையம் என்று மாறி மாறிப் பார்க்கலாம். மேலே படித்தால் ஸ்கேன், ஆராய்ச்சி, கல்லூரியில் பாடம் நடத்துவது என்று பல வழி, குழந்தை பிறந்த வீடுகளைத் தொடர்ந்து கவனிக்கும் ஹெல்த் விசிட்டர் ஆகவும் முடியும். ஆனால் 2025ல் படித்து முடித்த பலருக்கு வார்டில் ஆள் போதாமல் இருந்தும் இடம் கிடைக்கவில்லை, அரசே அந்த ஆகஸ்டில் பட்டதாரிகளுக்கு வேலை உறுதித் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது. அதனால் எந்தப் பல்கலைக்கழகத்தின் அறிமுக நாளுக்குப் போனாலும், போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் மிட்வைஃபாக வேலையில் இருக்கிறார்கள், ஷிப்ட் அட்டவணை எத்தனை வாரம் முன்னால் கைக்கு வரும், இந்த இரண்டையும் நேராகக் கேளுங்கள்.