இரட்டை மண் அடுப்பு: மாரிக்கு முன்னம் வாங்கலாமா?

மாரி தொடங்க முன்னம் வீட்டுக்கு வாங்கும் சாமான்களில், போட்ட காசைக் கெதியாகத் திருப்பித் தருவது இரட்டை மண் அடுப்புத்தான். ஒரு வாயில் விறகு வைத்தால் முன்னுக்கு ஒரு பானையும் பின்னுக்கு ஒரு பானையும் வேகும். 'அனகி' என்ற பெயரிலும் கிடைக்கும். 1980களில் இலங்கையிலேயே உருவான அடுப்பு இது. சிங்களத்தில் அனகி என்றால் அருமையானது என்று பொருள். பெயர் பொருத்தம்தான். ஆனால் வாங்கிய கையோடு குசினி நிலத்தில் வைத்து வெறுமனே எரித்தால் ஒரு வருடம் தாங்குவதே பெரிய காரியம். வடிவாக மண் பூசி, காயவிட்டு, காய்ந்த விறகு கொடுத்தால் மூன்று வருடம் நின்று உழைக்கும்.

வாயுவையும் மண்ணெண்ணெயையும் மட்டும் நம்பியிருந்த குசினிகள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 12.5 கிலோ சிலிண்டர் கொழும்பு விலையில் 2021 ஒக்டோபருக்கு முன்னம் 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. லீற்றர் 87 ரூபாவுக்கு விற்ற மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் ஒரே அடியாக 340 ஆனது. பிறகு இரண்டும் இறங்கின, பழைய விலைக்கு இறங்கவில்லை. வன்னியில் மாங்குளம் சந்தியிலிருந்து உள்ளே போகப் போக ஏற்றுக்கூலியும் சேரும். அதற்காகச் சிலிண்டரை விற்றுவிடத் தேவையில்லை. நடுச்சாமத்தில் பிள்ளைக்குப் பால் காய்ச்சவும், காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி வைக்கவும் அது இருக்கத்தான் வேண்டும். நாளாந்தச் சோறு, கறி, மார்கழிக் கூதலில் வயதானவர்கள் குளிக்கும் சுடுதண்ணி ஆகிய மூன்றையும் விறகுக்கு மாற்றினாலே சிலிண்டர் கனநாளைக்கு வரும்.

வாங்கும்போது அவசரப்படக் கூடாது. விரலை மடக்கிச் சுற்றிவரத் தட்டிப் பாருங்கள். நல்லாய்ச் சுட்ட அடுப்பு கிணுகிணு என்று சத்தம் தரும். வெடிப்புள்ளது சொத்தைத் தேங்காய் மாதிரி மொத்தமாகக் கேட்கும். பெருவிரலால் உள்பக்கத்தை அழுத்தித் தேய்த்தால் மா மாதிரி உதிரக் கூடாது. உதிர்ந்தால் சூளையில் சூடு போதவில்லை என்று அர்த்தம், அது முதல் மாரி ஈரத்திலேயே கரையும். நிறம் ஒரு பக்கம் செம்மையாகவும் மறுபக்கம் வெளிறியும் இருந்தாலும் விட்டுவிடுங்கள். சோற்றுப் பானையையும் கறிச் சட்டியையும் கையோடு கொண்டுபோவது நல்லது. முன் வாயில் பானை இடைவெளி இல்லாமல் இறுக்கமாகக் குந்த வேண்டும். பின் வாய் வேறு கணக்கு. அங்கே பானையைத் தாங்கும் மூன்று குமிழ்கள் இருக்கும், அவற்றின் மேல் சட்டியை வைத்தால் சுற்றிவர ஒரே அளவு ஒடுங்கிய இடைவெளி தெரிய வேண்டும். புகை வெளியேறும் வழி அதுதான். உள்ளே டோர்ச் அடித்தால், முன் வாயில் வெளிச்சம் கசியாமலும் பின் வாயில் சுற்றிவரச் சமனாகவும் தெரிந்தால் அந்த அடுப்பைத் தயங்காமல் எடுக்கலாம். சைக்கிள் கரியரில் ஏற்றினால் கீழே வைக்கோல் திணித்த சாக்கு போட்டுக் கட்டுங்கள். கடையில் கிணுங்கிய அடுப்பு கிறவல் ரோட்டில் குலுங்கியே வெடித்துவிடும்.

சீமெந்தில் வார்த்த இரட்டை அடுப்பும் பார்வைக்கு நல்ல உறுதியாக விற்கிறார்கள். அதை வாங்க வேண்டாம். தீயின் சூட்டில் சீமெந்து தன் பிடியை இழந்து, நெருப்புப் படும் உள்பக்கம் செதில் செதிலாகக் கழரும்.

இனிப் பூச்சு. இதுதான் முழு வேலையும். ஆவணியில் அல்லது புரட்டாதி முற்பாதியில் முடித்துவிட வேண்டும். ஐப்பசி பிறந்தால் காலபோக (மாரி நெல்) விதைப்பில் வீட்டில் ஒருவருக்கும் நேரம் இராது, ஈரக் காற்றில் பூச்சும் காயாது. அரித்த புற்று மண் இரண்டு பங்கு, பச்சைச் சாணி ஒரு பங்கு, விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல் அல்லது உமி ஒரு பங்கு. தண்ணி விட்டு மிதித்து, ஈரச்சாக்கால் மூடி ஓரிரவு புளிக்கவிட்டால் மண் பிசின் மாதிரி இழுபடும். ஆட்கள் கும்பிடும் புற்றிலும் பாம்பு குடியிருக்கும் புற்றிலும் கை வைக்காதீர்கள், மழைக்குக் கரைந்து சரிந்த பழம்புற்று காட்டோரத்தில் எத்தனையோ கிடைக்கும். குளத்துக் களி மண்தான் கிடைக்கிறது என்றால் அது காயும்போது மிகவும் சுருங்கும். ஒரு பங்கு மணலும் சேர்த்து வைக்கோலைக் கூட்டுங்கள். கரையோர மணல் மண் ஒட்டவே ஒட்டாது.

இரண்டு வரிசைக் கல் அடுக்கி அதன்மேல் அடுப்பை மட்டமாக வைத்தால் குனிந்து ஊதும் இடுப்புவலி குறையும். வெள்ளம் குசினிக்குள் ஏறினாலும் அடுப்பின் அடி நனையாது. அடுப்பின் வெளிப்பக்கத்தைத் தண்ணியால் நன்றாக நனைத்துவிட்டே மண்ணை அப்ப வேண்டும். காய்ந்த ஓடு பூச்சிலுள்ள ஈரத்தை உறிஞ்சினால் பூச்சு பிடிக்காமல் பாளமாகக் கழன்று விழும். முதலில் ஓர் அங்குலம். இரண்டு நாளில் அது இறுகியதும் மேற்பரப்பைக் கீறிவிட்டு இன்னுமோர் அங்குலம். மண் பானை குந்தும் விளிம்புக்கு மேலே ஏறக் கூடாது. ஏறினால் பானையின் பாரம் அடுப்பில் இறங்காமல் மண்ணில் இறங்கி, பூச்சு நெரிந்து, அந்த வழியால் முகத்துக்குப் புகை வரும். பிறகு நிழலில் இரண்டு கிழமை காய வேண்டும். பொறுமையில்லாமல் ஐந்தாம் நாள் பெரிய நெருப்பு மூட்டினால், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழி தேடிப் பூச்சைப் பிளக்கும். காய்ந்த பிறகும் முதல் மூன்று நாள் சுள்ளியும் சிரட்டையும் போட்டு அரை மணித்தியாலம் மட்டும் எரியுங்கள். மயிர் வெடிப்பு வந்தால் பயமில்லை. அரித்த சாம்பலும் சாணியும் சம அளவில் கரைத்துத் தேய்த்தால் அடைபடும். கிழமைக்கு ஒருக்கால் சாணியால் மெழுகி வந்தால் பூச்சு கிழடு தட்டாது.

எரிக்கும் முறை மூன்றுகல் அடுப்பு மாதிரி இல்லை. பெருவிரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரை உள்ள விறகு, ஒரு நேரத்தில் இரண்டு அல்லது மூன்று. வாயை அடைத்து விறகு திணித்தால் காற்றுப் போகாது, புகைதான் வரும். நீளக் கொள்ளிக்கு வெளியே ஒரு கல்லை முண்டு கொடுங்கள். இல்லாவிட்டால் கொள்ளி நெம்பி வாய் விளிம்பு உடையும். சாம்பலை ஒரு விரல் தடிப்புக்கு மட்டும் விட்டு மிச்சத்தைத் தினமும் அள்ள வேண்டும், அது உயர்ந்தால் பின் வாய்க்குப் போகும் துவாரம் அடைபட்டு பின்பானை பச்சைத் தண்ணியாகவே கிடக்கும். பின் வாயை ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள். சமைக்க ஒன்றும் இல்லையென்றால் தண்ணிப் பானை ஒன்றை வையுங்கள். திறந்து கிடந்தால் தீ முன்பானையின் அடியில் நிற்காமல் பின்னால் ஓடிவிடும்.

பின் வாயில் சூடு குறைவு. அதைக் குறையென்று சொல்பவர்கள் அதில் சோறு வைக்கப் பார்த்தவர்களாக இருப்பார்கள். காலையில் முன் வாயில் கேத்தில், அது இறங்கியதும் புட்டுப்பானையும் அதன்மேல் புட்டு அவிக்கும் ஓலைக் கூடையான நீத்துப்பெட்டியும். நீத்துப்பெட்டிக்கு இடைவிடாத ஆவி வேண்டும், அது முன் வாயில்தான் வரும். பின்னால் சொதி. பால் விட்ட சொதி கொதித்துத் திரளாமல் மெல்லச் சூடேறுவதற்கு இதைவிடத் திறமான இடம் வேறில்லை. பருப்பை முன்னால் ஒரு கொதி விட்டுப் பின்னால் தள்ளினால் மிச்சம் தானாக அவியும். சமையல் முடிந்து தணல் மட்டும் கிடக்கும்போது பின்னால் வைத்த தண்ணி, குளிக்கும் நேரத்துக்குப் பதமாக இருக்கும்.

இந்த அடுப்பைக் கொல்வது பெரும்பாலும் பொங்கி வழியும் கஞ்சித்தண்ணி. செஞ்சூட்டில் இருக்கும் மண்ணில் தண்ணி பட்டால் அந்த இடம் மட்டும் சட்டென்று சுருங்கி, விளிம்பிலிருந்து கீழே கோடு விழும். பானையில் முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாமல், கொதி வரும்போது மூடியைச் சரித்து வைத்தால் போதும். தண்ணி ஊற்றி அடுப்பை அணைப்பதும் அதே கேட்டைத்தான் செய்யும். கொள்ளியை இழுத்து மணலில் குத்துங்கள்.

மூன்றுகல் அடுப்போடு பார்க்கும்போது விறகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். இந்தக் கணக்கு காய்ந்த விறகுக்குத்தான். பச்சை மரத்தின் பாரத்தில் அரைவாசிக்குக் கிட்டத் தண்ணி இருக்கும், எரியும் சூட்டில் ஒரு பகுதி அந்தத் தண்ணியை ஆவியாக்கவே போய்விடும். ஆகவே மாரி விறகுக்கான வேலை சோளகம் அடிக்கும்போதே தொடங்க வேண்டும். வைகாசியிலிருந்து ஆவணி வரை வீசும் அந்த வரண்ட காற்றுக்கு ஈடான உலர்த்தி எந்தக் கடையிலும் இல்லை. வீரையும் பாலையும் கிடைத்தால் நின்று எரியும், தணலும் கனநேரம் கிடக்கும். ஆனால் முழுக்கட்டையாக விட்டால் ஒரு வருடத்திலும் உள்ளே காயாது. பிளந்தே அடுக்க வேண்டும். நிலத்தில் இரண்டு பனங்குற்றியைப் போட்டு, அதன்மேல் காற்று ஊடே போகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே மட்டும் தறப்பாளால் மூடுங்கள். பக்கங்களையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்ட, டக் என்று கூர்மையாகக் கேட்டால், வெட்டுமுகத்தில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பும் இருந்தால், அது தயார். மாரியில் அந்த அடுக்கில் கையை நேரே விடாதீர்கள். தடியால் இழுத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். வெள்ளத்துக்கு ஒதுங்கும் புடையன் பாம்புக்கும் அதுதான் மேட்டுநிலம்.

காசு கொடுத்து லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) லோட்டாக விறகு வாங்குகிறவர்கள் பனையையும் தென்னையையும் மறந்துவிடுகிறார்கள். பனைமட்டை, பாளை, சிரட்டை, பொச்சு, கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சும் ஊமல் எல்லாம் இந்த அடுப்பின் சின்ன வாய்க்கு அளவெடுத்தது மாதிரி. ஊமலும் சிரட்டையும் கடும் சூடு தருவதால் சமையலுக்கு நடுவில் ஒன்றிரண்டாகப் போட வேண்டும். பன்னாடையும் பொச்சும் பற்றவைக்க மட்டும். அடுப்புக்கு மேலே ஒரு பரண் கட்டி நாளைய விறகை இன்றே ஏற்றிவிட்டால், எந்த அடைமழையிலும் காலைத் தேத்தண்ணி பிந்தாது. விறகுக்குக் காடு ஏறுபவர்கள் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் எத்தனை வருடம் போனாலும் கால் வைக்கக் கூடாது, யானை நடமாடும் மாலை நேரத்தையும் தவிர்க்க வேண்டும்.

குறை என்று பார்த்தால் முதலாவது புகை. மூன்றுகல்லைவிடக் குறைவு, ஆனால் புகைக்கூடு இல்லாத அடுப்புத்தானே, இல்லாமல் போகாது. மாரியில் தூவானத்துக்குப் பயந்து சுவருக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தறப்பாளால் முழுக்க அடைத்துவிடுவார்கள், புகை முழுவதும் சமைப்பவரின் நெஞ்சுக்குள் போகும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவது. அந்தப் பக்கத்தை மட்டும் அடைத்து எதிர்ப்பக்கத்தைத் திறந்து விடுங்கள், அடுப்பின் வாயும் வடகிழக்கைப் பாராமல் இருக்கட்டும். கூதலுக்குத் தணலைச் சட்டியில் அள்ளி மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு படுப்பது உயிராபத்து. புகையே தெரியாத தணலிலிருந்தும் காபன் மொனொக்சைட் வரும், அதற்கு மணமும் இல்லை.

இரண்டாவது குறை அளவு. நாலு தொடக்கம் ஆறு பேர் உள்ள வீட்டுக்குத்தான் இது கணக்கு. நெல் அவிக்க, கோயில் பொங்கலுக்கு, செத்தவீட்டுச் சமையலுக்குப் பழைய மூன்றுகல்தான். பெரிய கிடாரத்தை இதன் தலையில் ஏற்றினால் அன்றோடு சரி. தனியாக இருந்து ஒருநேரச் சமையல் செய்பவருக்கும் இது மேலதிகம், ஒற்றை வாய் அடுப்புக்கே நன்றாக மண் பூசிப் பாவிக்கலாம்.

மில்லுக்குக் கிட்ட இருப்பவர்கள் உமி அடுப்பு நல்லதா என்று கேட்பதுண்டு. கோடையில் நல்லது. தகர வாளியில் உமியை இறுக்கி அடைத்து நடுவில் துவாரம் விட்டால் கனநேரம் ஒரே தீயாக எரியும். ஆனால் இடையில் அணைக்க முடியாது, உமியில் கொஞ்சம் ஈரம் ஏறினாலும் புகை தாங்காது. மாரியில் சிரமம்.

மூன்றாம் வருடத்தில் இரண்டு வாய்க்கும் நடுவே உள்ள தடுப்பு தேய்ந்து இடிந்தால் அடுப்பை மாற்றலாம். கொள்ளியை உள்ளே இடித்துத் தள்ளும் வீட்டில் அது முதல் வருடமே போகும். பழைய அடுப்பை வேலியோரம் வீசிவிடாதீர்கள். உலக்கையால் இடித்து அரித்தால் வரும் செம்பொடி ஒருமுறை சுட்ட மண், இனிச் சுருங்காது. புதுப் பூச்சு குழைக்கும்போது புற்று மண்ணோடு அதில் அரைப் பங்கு சேருங்கள், வெடிப்பு வெகுவாகக் குறையும்.