வீடற்றோருக்கு வீடா, அபராதமா: ஃபின்லாந்தும் கிராண்ட்ஸ் பாஸும்

வீடற்றோரை அரசு எவ்வாறு நடத்த வேண்டும் என்ற கேள்விக்கு ஃபின்லாந்தும், அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்திலுள்ள கிராண்ட்ஸ் பாஸ் நகரமும் நேரெதிரான விடைகளை அளித்திருக்கின்றன.

குடியிருப்புக்கான உரிமையை மேம்படுத்துவது அரசின் கடமை என்கிறது ஃபின்லாந்து அரசமைப்பின் 19ஆம் பிரிவு. 2008இல் அந்நாடு தொடங்கிய திட்டம், குடிப்பழக்கத்தை விட்டால்தான் வீடு என்பது போன்ற பழைய நிபந்தனைகளைக் கைவிட்டு, வாடகை ஒப்பந்தத்துடன் நிரந்தர வீட்டை முதலில் வழங்கி, சிகிச்சையை அவரவர் விருப்பத்துக்கு விட்டது. வீடற்றோர் இரவில் தங்கிவந்த விடுதிகள் அடுக்ககங்களாக மாற்றப்பட்டன. தலைநகர் ஹெல்சிங்கியில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறித்தவத் தொண்டு அமைப்பு நடத்திய விடுதி 81 வீடுகளானது. இது தானம் அன்று. குடியிருப்பவர் வாடகை செலுத்துகிறார், இயலாதவருக்கு அரசின் உதவித்தொகை துணை நிற்கிறது. 1987இல் 18,000க்கு மேலிருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2023இல் சுமார் 3,400ஆகக் குறைந்தது. 2024இல் அது மீண்டும் உயர்ந்தது. அவ்வாண்டு உதவித்தொகை வெட்டப்பட்டதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நான் நம்பவில்லை.

கிராண்ட்ஸ் பாஸோ, பொது இடத்தில் போர்வை விரித்து உறங்குவோருக்கு 295 டாலர் அபராதமும், தொடர்ந்து மீறினால் சிறையும் விதித்தது. இது அமெரிக்க அரசமைப்பு தடைசெய்யும் கொடூரமான தண்டனை ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. படுக்க வேறிடமில்லாதவரின் உறக்கத்தைக் குற்றமாக்குவது எனக்கு ஏற்புடையதன்று. கட்டப்படாத அபராதமும் சிறைப் பதிவும் அவருக்கு வாடகை வீடு கிடைப்பதையே மேலும் கடினமாக்குகின்றன. இத்தனைக்கும், நிபந்தனையின்றி வீடு தரும் முறையை 1992இலேயே செயல்படுத்திக் காட்டப்பட்டது அமெரிக்காவின் நியூயார்க்கில்தான்.