"525 மடங்கு" டெலஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் பணம் போடும் முன் இதைப் படியுங்கள்

நம்ம ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பிள்ளைகளுக்கு டெலஸ்கோப் வாங்கிக் கொடுக்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். எது வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் போனில் கதை சொல்லி முடியவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். வெளியூர்க் கடை ஒன்று லென்ஸ் விட்டம் 70 மி.மீ. என்று எனக்கு அனுப்பிய டெலஸ்கோப், அளந்து பார்த்தால் 44 மி.மீ. வேலைதான் செய்தது. கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதே பெட்டி வேறு வேறு ஸ்டிக்கரோடு எத்தனையோ கடைகளில் ஓடுகிறது, ஒரு பெயரைச் சொன்னால் மற்றவன் எல்லாம் யோக்கியன் என்று ஆகிவிடும்.

தங்கை மகளுக்கு கேலக்ஸி (கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம்) பார்க்க ஆசை. நிலா, சனி வளையம் எல்லாம் அப்புறம் மாமா, எனக்கு ஆண்ட்ரோமீடா கேலக்ஸிதான் வேணும் என்று பிடிவாதம். சரி என்று அந்தக் கடையிடம் வாட்ஸ்அப்பில் எழுத்திலேயே கேட்டேன்: முன்பக்க லென்ஸின் விட்டம் எவ்வளவு? எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்று நான் கேட்கவே இல்லை, ஏனென்றால் கேலக்ஸிக்கு அது முக்கியமே கிடையாது, எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே வாங்குகிறது என்பதுதான் கணக்கு, அது முழுக்க விட்டத்தைப் பொறுத்தது. "70 மி.மீ. சார், ஆண்ட்ரோமீடா சும்மா அள்ளும்" என்று பதில் வந்தது. அந்த பதிலும் பணம் போட்ட ரசீதும் என்னிடம் இருந்ததால்தான் பின்னால் நான் பேச முடிந்தது.

பார்சல் வந்தது. பெட்டி முழுக்க ஊதாவும் ஆரஞ்சுமாக கேலக்ஸி படம், மூலையில் கொட்டை எழுத்தில் 525 மடங்கு, பக்கவாட்டில் 70060 என்று மாடல் எண். இந்த எண்ணில்தான் முதல் விளையாட்டு. இந்த வகை மலிவு டெலஸ்கோப்புகளில் முதல் 3 இலக்கம் குவியத் தூரம் (லென்ஸிலிருந்து வெளிச்சம் குவிகிற இடம் வரை உள்ள தூரம்), கடைசி 2 இலக்கம் லென்ஸ் விட்டம். அதாவது 700 மி.மீ. குவியத் தூரம், 60 மி.மீ. விட்டம். கடைக்காரர் முன்னால் இருக்கிற 70ஐ எடுத்து விட்டம் என்று சொல்லிவிட்டார். 36050 என்றொரு மாடல் ஊரெல்லாம் கிடைக்கிறதே, அதிலும் இதே வரிசைதான், லென்ஸ் 50 மி.மீ.தான்.

அந்த 525 எங்கிருந்து வந்தது தெரியுமா? 700ஐ 4 மி.மீ. ஐபீஸால் (கண் வைத்துப் பார்க்கிற பக்கத்து லென்ஸ்) வகுத்தால் 175, அதோடு பிம்பத்தை இன்னும் 3 மடங்கு பெரிதாக்குகிற பார்லோ லென்ஸைச் சொருகினால் 525. கணக்கு சரிதான், உபயோகம்தான் பூஜ்ஜியம். விட்டத்தை மி.மீ.யில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான் ஒரு டெலஸ்கோப்பால் உருப்படியாகக் காட்ட முடிகிற உச்சபட்ச மடங்கு. 60க்கு 120, அதுவும் காற்று அசையாத நல்ல ராத்திரியில். அதற்கு மேல் போனால் இருட்டும் கலங்கலும்தான் பெரிதாகும். ஆண்ட்ரோமீடாவுக்கு இதில் பாதி மடங்குகூட வேண்டாம். வானத்தில் அது சுமார் 3 டிகிரி நீளத்துக்குப் படுத்திருக்கிறது, ஆறு முழுநிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிய அகலம், பெரிதாக்கப் பெரிதாக்க அதன் ஒரு மூலைதான் தெரியும்.

மழை விட்ட பிறகு தை மாதத்தில், நிலா இல்லாத நாளாகப் பார்த்து அரியமான் கரைக்குக் கொண்டு போனோம். வாடைக்காற்றுக்கு அந்த ஈர்க்குச்சி ஸ்டாண்ட் ஆடின ஆட்டம் தனிக்கதை. ஃபோகஸைத் தொட்டால் நட்சத்திரம் குதிக்கிறது, கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தால் அதற்குள் வட்டத்தை விட்டே நகர்ந்துவிடுகிறது. ஒருவழியாக ஆண்ட்ரோமீடாவைப் பிடித்தோம். நடுவில் ஒரு மங்கலான பொட்டு, அவ்வளவுதான். நியாயமாகச் சொல்ல வேண்டும், நல்ல டெலஸ்கோப்பிலும் கேலக்ஸி சாம்பல் நிற மங்கலாகத்தான் தெரியும். பெட்டியில் இருக்கிற நிறமெல்லாம் கேமராவை நேரம் போகத் திறந்து வைத்து எடுத்தது, நம் கண்ணுக்கு அது கிடைக்காது. சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்திலிருந்து வருகிற வெளிச்சம் அது என்று தெரிந்து பார்த்தால் அந்த மங்கலே போதும். ஆகவே நிறம் இல்லை என்பதற்காக நான் புகார் சொல்லவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது வேறு விதத்தில். கூட வந்த நண்பர் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரை பார்க்கப் போகிறவர், கழுத்தில் 10x50 பைனாகுலர், அதாவது 10 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ். அதில் பார்த்தால் அதே ஆண்ட்ரோமீடா நீளவாக்கில் விரிந்து, நடுவில் பளிச்சென்று, ஓரம் மெல்ல மெல்லக் கரைந்து அழகாகத் தெரிகிறது. இருட்டுக்குக் கண் பழகின பிறகு வெறும் கண்ணுக்கே ஒரு கறை மாதிரி தெரிந்தது. 50 மி.மீ. பைனாகுலர் காட்டுவதை 70 மி.மீ. என்று விற்ற டெலஸ்கோப் காட்டவில்லை என்றால் எங்கேயோ இடிக்கிறது இல்லையா?

கடைக்குப் போன் போட்டேன். "நீங்க கடற்கரை ஊர் சார், உப்புக் காத்து, வானம் கிளியரா இருக்காது, இங்கே சூப்பரா தெரியுது" என்றார். அவர் இருக்கிறது தெருவிளக்கு வெளிச்சத்தில் விடிவெள்ளியைத் தவிர வேறெதுவும் தெரியாத ஊர்! நம் கரையில் ஈரம் உண்டு, லென்ஸில் பனி படியும், அதெல்லாம் நிஜம். ஆனால் கேலக்ஸி பார்க்க இந்தக் கரை எவ்வளவு தோது என்று அவருக்குத் தெரியவில்லை. நாம் இருப்பது வடக்கு அட்சரேகை 9 டிகிரி சொச்சம். வடக்கே சப்தரிஷி பக்கம் இருக்கிற எம்81, எம்82 கேலக்ஸி ஜோடியும் கிடைக்கும், தெற்கே சென்டாரஸ் ஏ கேலக்ஸியும் கிடைக்கும். தை மாதம் ராத்திரி 9 மணி வாக்கில் தென்கடல் பக்கம் நின்றால், அடிவானம் தெளிவாக இருக்கிற நாளில் பெரிய மெகல்லன் மேகம் என்கிற பக்கத்துச் சின்ன கேலக்ஸிகூட கடலுக்கு மேலே 11 டிகிரி உயரத்தில் நிற்கும். வட இந்தியாவில் பெரும்பாலான ஊர்களுக்கு அது எழுவதே கிடையாது.

அப்புறம்தான் டார்ச் சோதனை. யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்யலாம். 20 மி.மீ. ஐபீஸைப் போட்டு முதலில் தூரத்தில் இருக்கிற டவர் விளக்குக்கு ஃபோகஸ் செய்துகொள்ளுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, ஐபீஸ் பக்கம் ஒரு சாண் தள்ளி செல்போன் டார்ச்சைக் காட்டி, முன்பக்க லென்ஸை ஒட்டினாற்போல வெள்ளைக் காகிதத்தைப் பிடியுங்கள். காகிதத்தில் விழுகிற வெளிச்ச வட்டம்தான் டெலஸ்கோப்பின் உண்மையான விட்டம். லென்ஸை ஸ்கேல் வைத்து அளந்தால் 60 இருந்தது, காகிதத்தில் விழுந்த வட்டம் 44. குழாயைக் கழற்றிப் பார்த்தால், லென்ஸுக்குப் பின்னால் நாலு விரல் தள்ளி, சின்ன ஓட்டை போட்ட கறுப்பு பிளாஸ்டிக் வளையம் ஒன்று. லென்ஸின் ஓரம் மட்டமாக இருந்தால் நட்சத்திரத்தைச் சுற்றி ஊதாப் பிசிறு அடிக்கும், அதை மறைக்கத்தான் ஓரத்தை அடைத்து வைக்கிறார்கள். வெளிச்சம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 70க்குக் காசு வாங்கிக்கொண்டு 44 கொடுத்தால் ஐந்தில் இரண்டு பங்குதான் வந்து சேருகிறது. பைனாகுலர் ஏன் ஜெயித்தது என்பது அப்போது புரிந்தது.

ஐபீஸ்களும் 24.5 மி.மீ. பழைய அளவு. நல்ல ஐபீஸ் எல்லாம் 31.7 மி.மீ.யில் வருகிறது, எனவே பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்ற வழியும் பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது.

பணம் போனால் போகிறது, அதைவிட மோசமானது பெட்டிக்குள் இருந்தது. ஐபீஸில் திருகிக்கொள்கிற மாதிரி சின்னக் கறுப்புக் கண்ணாடி, சூரியனைப் பார்க்கவாம். லென்ஸ் குவிக்கிற மொத்தச் சூடும் வந்து விழுகிற இடத்தில் அந்தக் கண்ணாடி இருக்கிறது, சூட்டில் பட்டென்று வெடித்தால் பிள்ளையின் கண் அந்த நொடியே போய்விடும். சூரிய ஃபில்டர் என்றால் டெலஸ்கோப்பின் முன்வாயை முழுக்க மூட வேண்டும், அதற்கென்றே செய்த ஃபில்டராகவும் இருக்க வேண்டும், ஐபீஸ் பக்கம் ஒருநாளும் கிடையாது. உங்கள் பெட்டியில் இது இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நான் புகாருக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு சுத்தியலால் உடைத்துவிட்டேன்.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, பெட்டியைத் திறந்தாச்சு, முடியாது என்றார்கள். திறக்காமல் எப்படி வானம் பார்ப்பது? பிறகு ஒரு சமாதானம் வந்தது: மேலே கொஞ்சம் பணம் போடுங்கள், 114 மி.மீ., 1000 மி.மீ. குவியத் தூரம், ஈக்வடோரியல் ஸ்டாண்டோடு (வானம் சுழல்கிற போக்கிலேயே திரும்புகிற ஸ்டாண்ட்) தருகிறோம். இது அடுத்த குழி. 1000 மி.மீ. குவியத் தூரம் என்றால் சாதாரண நியூட்டோனியன் (லென்ஸுக்குப் பதில் குழிக்கண்ணாடியால் வெளிச்சத்தைக் குவிக்கிற வகை) குழாய் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம் இருக்க வேண்டும், அவர்கள் அனுப்பிய படத்தில் குழாய் அதில் பாதிதான். அப்படியானால் ஃபோகஸர் குழாய்க்குள் ஒரு லென்ஸை ஒளித்து வைத்து நீளத்தை ஈடுகட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மலிவில் செய்கிற இந்த வகையில் பிம்பம் கூர்மையாக வராது, கண்ணாடியை நேர்படுத்துவதற்குள் உயிர் போய்விடும். ஸ்டாண்டும் நமக்கு லாயக்கில்லை. அதன் அச்சை துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும், நம் ஊரில் அது வெறும் 9 டிகிரி உயரத்தில் இருக்கிறது, சின்ன ஸ்டாண்டுகளை அவ்வளவு கீழே சாய்த்தால் எடைக்கம்பி முக்காலிக் காலில் போய் முட்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், வாட்ஸ்அப் பதில், ரசீது, காகிதத்தில் விழுந்த வட்டத்தை ஸ்கேலோடு எடுத்த போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து. கடைக்கும் ஒரு வரி எழுதினேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நான் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷம் அவகாசமும் இருக்கிறது என்று. "ஏன் சார் அங்கெல்லாம் போனீங்க, எங்ககிட்டயே பேசியிருக்கலாமே" என்று போன் வந்தது. பேசிப் பேசி வாய் வலித்த பிறகுதானே போனேன். பார்சல் கூலியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிட்டார்கள். விளம்பரத்தில் மட்டும் இன்றைக்கும் 70 மி.மீ. என்றே போட்டிருக்கிறது.

சரி, எதைத்தான் வாங்குவது? கையில் காசு குறைவென்றால் 10x50 பைனாகுலர், தயங்காமல். கொஞ்சம் சேர்த்து வைக்க முடியும் என்றால் 130 அல்லது 150 மி.மீ. கண்ணாடி வைத்த டாப்சோனியன், கண்ணாடி பரவளைய (parabolic) வடிவமா என்று எழுத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஜான் டாப்சன் என்பவர் அமெரிக்காவில் பரப்பிய அமைப்பு அது, ஒரு பலகைப் பெட்டியில் குழாயை உட்கார வைத்துக் கையால் தள்ளித் திருப்புவது, காசு முழுக்கக் கண்ணாடிக்குப் போகும், ஆடாது. 150 மி.மீ. என்பது நான் பட்ட 44ஐப் போல 11 மடங்குக்கும் மேல் வெளிச்சம் வாங்கும். பங்குனி, சித்திரையில் கன்னி ராசிப் பக்கம் திருப்பினால் சோம்ப்ரேரோ, எம்87 கேலக்ஸிகளும் கிடைக்கும். நம் உப்புக் காற்றுக்குக் கண்ணாடி பூச்சு சீக்கிரம் கெடும், பார்த்து முடித்ததும் ஈரம் காயவிட்டு குழாயின் இரண்டு வாயையும் மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

ஏற்கெனவே 525 போட்ட பெட்டி வாங்கி வைத்திருக்கிறவர்கள் அந்த அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், புகாருக்கு அதுதான் சாட்சி. டார்ச் சோதனை தனியாகச் செய்யத் தெரியவில்லை என்றால் உச்சிப்புளி, மண்டபம் பக்கம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்து அளந்து பார்த்துவிடலாம்.