பெராக்சிடேஸா, பாஸ்படேஸா: கேண்டிடாவைத் தேட எதிர்ப்பொருளில் எந்த நொதி?

கேண்டிடா, நோய் தரும் ஒரு ஈஸ்ட். அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் என்ற புரதத்தோடு நிறம் காட்டும் ஒரு நொதியைப் பூட்டினால், அது ஒட்டிய இடம் தெரியும். அந்த நொதி பெராக்சிடேஸா, பாஸ்படேஸா என்ற போட்டிக்கு, குழிகள் கொண்ட தட்டில் இப்படித் தேடும் எலைசா முறையின் வயதேதான். 1971-இல் சுவீடனில் எங்வாலும் பெர்ல்மனும் எதிர்ப்பொருள் சோதனைக்கு ஆல்கலைன் பாஸ்படேஸைப் பயன்படுத்தினார்கள். அதே ஆண்டில் நெதர்லாந்தில் வான் வீமனும் ஸ்கூர்ஸும் ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸை எடுத்துக்கொண்டார்கள்.

வேகத்தில் பெராக்சிடேஸ் முந்துகிறது. நிறம் தரும் வேதிப்பொருளான டி.எம்.பி.யை ஊற்றிய சில நிமிடங்களில் நீலம். அமிலம் சேர்த்தால் மஞ்சள். 450 நானோமீட்டரில் அளவு. மூலக்கூறும் சிறியது, சுமார் 44 கிலோடால்டன். கன்றின் குடலிலிருந்து எடுக்கும் பாஸ்படேஸ் ஏறத்தாழ 140. திசுவுக்குள் ஊடுருவ வேண்டிய இடத்தில் இந்த வேறுபாடு தெரியும். ஆனால் பாஸ்படேஸுக்குப் பொறுமை உண்டு. பெராக்சிடேஸ் தனக்கு ஊட்டப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடாலேயே மெல்லச் செயலிழக்கிறது. பாஸ்படேஸோ தனக்குரிய வேதிப்பொருளிலிருந்து நீண்ட நேரம் சீராக மஞ்சளைக் கூட்டிக்கொண்டே போகும். நிறம் மங்கலாக வந்தால் இன்னும் சற்றுக் காத்திருந்து 405-இல் மறுபடி படிக்கலாம்.

கரைசல்கள்தாம் உண்மையான கண்ணி. சோடியம் அசைடு பெராக்சிடேஸை முடக்கும். எதிர்ப்பொருள் கெடாமலிருக்கச் சேர்த்த அசைடை மறந்துவிட்டு, நிறமே வராத தட்டை ஒரு மதியம் முழுவதும் வெறித்துப் பார்த்தவன் நான். பாஸ்படேஸை முடக்குவது பாஸ்பேட். ஆகவே கழுவுவதற்குப் பாஸ்பேட் இல்லாத டிரிஸ் கரைசலே நல்லது. உலோக அயனிகளைப் பற்றும் இ.டி.டி.ஏ. இன்னும் மோசம், நொதியின் துத்தநாகத்தையே பிடுங்கிவிடும். இரத்த நீரில் கேண்டிடாவின் செல்சுவர்ச் சர்க்கரையான மன்னானைத் தேடும்போது, அதைப் பிடித்துவைத்திருக்கும் எதிர்ப்பொருள்களிலிருந்து விடுவிக்க இ.டி.டி.ஏ. சேர்த்துச் சூடாக்குவது வழக்கம். அந்த மாதிரியும் நொதி பூட்டிய எதிர்ப்பொருளும் ஒரே குழியில் சேர்வதாக இருந்தால் நான் பாஸ்படேஸைத் தொடமாட்டேன்.

முழு ஈஸ்ட் செல்களையே தட்டில் ஒட்டினால் அவை தம் சொந்த நொதிகளோடு வருகின்றன. கேட்டலேஸ் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தின்றுவிடும். செல்லின் பாஸ்படேஸ்களும் நிறம் காட்டக்கூடும், ஆனால் அமில பாஸ்படேஸ் காரச் சூழலில் பெரும்பாலும் அடங்கிவிடும். முன்கூட்டியே வெப்பத்தால் செல்களைக் கொல்வது இரு தரப்புக்கும் உதவும். எதிர்ப்பொருள் சேர்க்காத ஒரு குழியையும் கட்டாயம் வைக்க வேண்டும்.

திசு வெட்டுகளில் தராசு மறுபக்கம் சாய்கிறது. ஈஸ்ட் தொற்றிய இடத்தில் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் குவிந்திருக்கும். அவற்றின் பெராக்சிடேஸும் சிவப்பணுக்களின் இரும்புள்ள ஹீமும் சேர்ந்து, எதிர்ப்பொருள் ஒட்டாத இடத்திலும் பழுப்பைக் கிளப்பும். முன்கூட்டி ஹைட்ரஜன் பெராக்சைடால் அடக்கலாம்தான். பாஸ்படேஸை எடுத்தால், திசுவின் சொந்த நொதியை லெவாமிசோல் என்ற மருந்து பெரும்பாலும் அடக்கிவிடும். நாம் பூட்டிய குடல் நொதி அதற்கு மசியாது. பாஸ்படேஸ் தரும் சிவப்பு நிறம் தோலின் பழுப்பு நிறமியான மெலனினோடும் குழம்பாது.

இரத்த நீருக்குப் பெராக்சிடேஸ், சீழ் நிறைந்த திசுவுக்குப் பாஸ்படேஸ் என்பது என் தேர்வு. எதிர்ப்பொருளே ரொட்டி ஈஸ்ட்டின் மன்னானிலும் ஒட்டுவதாக இருந்தால், எந்த நொதியைப் பூட்டினாலும் தட்டு பளிச்சென்று தவறாகவே நிறம் காட்டும்.