காது திறந்திருக்க, எலும்பு வழியே கேட்டு நான்கு வருடம்

எனக்குப் பார்வை இல்லை. கைபேசியில் டாக்பேக், அலுவலகக் கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள்கள், இப்படி நாள் முழுக்க ஏதோ ஒரு குரல் எனக்குப் படித்துக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் ஒரு காதில் இயர்போன் செருகி, மற்றக் காதைத் தெருவுக்கு விட்டிருந்தேன். அது ஆபத்து என்று காளவாசல் சிக்னலில்தான் புரிந்தது. எந்தப் பக்கம் வருகிறது என்றே தெரியாமல் ஓர் ஆட்டோ என் வெண்கோலைத் தட்டிவிட்டுப் போனது. ஒலி இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. ஒரு காதை அடைத்தால் அந்தக் கணக்கு போய்விடும்.

அந்த வாரமே எலும்பு வழி ஹெட்செட் வாங்கினேன். காதுக்குச் சற்று முன்னால், கன்ன எலும்பின் மேல் உட்காரும். அதிர்வு மண்டையோட்டின் வழியே உள்காதில் ஒலியை உணரும் காக்ளியாவுக்குப் போகிறது. காது டாக்டர் இசைக்கவையைத் தட்டிக் காதுக்குப் பின்னால் வைத்துப் பார்ப்பாரே, அதே வழிதான். காதுத்துளை திறந்தே இருக்கிறது. மேப் வழி சொல்லும்போதே பின்னால் வரும் மின் ஸ்கூட்டரின் டயர் சத்தத்தையும் பிடிக்க முடிகிறது. எனக்கு இது ஒன்றே போதும், கொடுத்த காசுக்கு.

ஆனால் நான் வேலை பார்க்கும் வங்கியின் கவுன்ட்டரில் உட்கார்ந்தபோதுதான் வேறு ஒன்று தெரிந்தது. இரண்டு குரலும் காதில் விழுகின்றன, மனம் ஒன்றைத்தான் பிடிக்கிறது. வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போது கணக்கு எண்ணை என்விடிஏ படித்தால், ஏதாவது ஒன்று நழுவிவிடும். 1953-இல் காலின் செர்ரி என்ற ஆய்வாளர் ஒவ்வொரு காதிலும் ஒரு பேச்சை ஒலிக்கவிட்டுச் சோதித்தார். ஒரு பக்கத்தையே கவனித்தவர்களுக்கு மறுபக்கம் மொழி மாறியதுகூடத் தெரியவில்லை. ஆண் குரல் பெண் குரலானது மட்டும் தெரிந்தது. அதைப் படித்ததும் குரலை மாற்றிப் பார்த்தேன். மனிதர் பேசுவது போன்ற இனிய குரலை விட்டுவிட்டு, ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளின் இயந்திரக் குரலை வைத்தேன். எல்லாரும் கரகர என்று குறை சொல்லும் குரல் அது. அதனாலேயே அது வாடிக்கையாளரின் பேச்சோடு கலப்பதில்லை! இப்போது அவர் மூச்சு விடும் இடைவெளியில் எண்ணைக் கேட்டுக்கொள்கிறேன்.

கைபேசி இடப்பக்கம், கணினி வலப்பக்கம் என்று பிரித்துவிடலாம் என்றும் நினைத்தேன். அது சரிவரவில்லை. ஒரு பக்கம் வைத்த அதிர்வு மண்டையோட்டின் வழியே இரண்டு காக்ளியாவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் போய்விடுகிறது. இரண்டு கருவிகளோடு இணையும் வசதியும் என்னுடையதில் ஒரு நேரத்தில் ஒன்றின் ஒலியைத்தான் தரும். கடைசியில் கைபேசியின் ஒலியை ப்ளூடூத் வழியாகக் கணினிக்கு அனுப்பி, அங்கே கலந்து கேட்கிறேன். சற்றுத் தாமதம் உண்டு, பழகிவிட்டது.

குறைகளும் இருக்கின்றன. டவுன் பஸ் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. ஒலியைக் கூட்டினால் கன்னம் கூசும். விரலால் காதை அடைத்தால் குரல் தடிமனாக எழும், ஆனால் அப்புறம் இதை வாங்கியதற்கே அர்த்தமில்லை. ப்ளூடூத் தூங்கிவிட்டு எழும்போது சொல்லின் முதல் எழுத்தை விழுங்கிவிடும். தொகையின் முதல் இலக்கம் போனால் என்ன ஆகும் என்று வங்கியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேசி முடித்த பிறகும் ஒலிக்கருவியை விழித்திருக்க வைக்கும் அமைப்பு என்விடிஏவிலேயே இருக்கிறது, அதை மாற்றியதும் சரியானது. மூன்றாம் வருடம் வியர்வையில் சார்ஜ் முனை துருப்பிடித்து, சர்வீஸுக்கு ஆறு வாரம் அலைந்தேன். இப்போது தினமும் துடைத்து வைக்கிறேன்.

செவிப்பறையைத் தொடாததால் எவ்வளவு சத்தமாக வைத்தாலும் காதுக்குக் கெடுதல் இல்லை என்று விற்பவர்கள் சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். பெருஞ்சத்தத்தில் கெடுவது காக்ளியாவின் மயிர் செல்கள். எலும்பு வழியே போனாலும் ஒலி அங்கேதான் போய்ச் சேருகிறது. என்னைப் போன்றவர்களுக்கு இருப்பதே அந்தக் காதுதான்.

இரண்டு கருவிகளின் ஒலியையும் ஹெட்செட்டே கலந்து தரும் மாடல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். என்னுடையதில் பேட்டரி பாதியாகிவிட்டது, அடுத்ததைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.