பெயர்ப்பலகையா, கல்விக் கட்டணமா? கல்லூரி இ-ஸ்போர்ட்ஸில் முதலீட்டு நிறுவனங்களுக்கு முன் உள்ள வழிகள்

2015 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஐந்து பேர் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக அணியை 3-2 என்ற கணக்கில் வென்றார்கள். ஆடியது கணினியில், ஒளிபரப்பியது இஎஸ்பிஎன்2 தொலைக்காட்சி. போட்டியின் பெயர் 'ஹீரோஸ் ஆஃப் த டார்ம்'. வென்ற ஒவ்வொருவருக்கும் 75,000 டாலர் வரை கல்விக் கட்டணம் பரிசு. அதே விளையாட்டு ஊடக நிறுவனத்தின் வானொலித் தொகுப்பாளர் ஒருவர், இதையெல்லாம் வர்ணிக்கச் சொன்னால் வேலையை விட்டுவிடுவேன் என்று அப்போது பொரிந்து தள்ளினார்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்டில், அதே பெர்க்லிக்கு வேறொரு பணம் வந்தது. எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ பரிவர்த்தனை நிறுவனம் பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்துக்குத் தன் பெயரைச் சூட்ட, பத்தாண்டுகளுக்கு 1.75 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம் போட்டது. 2022 நவம்பரில் அந்த நிறுவனம் திவாலானது. பல்கலைக்கழகம் ஒப்பந்தத்தை நிறுத்தியது. மைதானத்தின் பெயரும் போனது. 15 மாதம்கூட முழுதாக ஓடவில்லை.

1.75 கோடியை 75,000 ஆல் வகுத்தால் 233 வருகிறது. ஒரு மைதானத்தின் பெயருக்குப் பேசிய தொகையில் 233 மாணவர்களுக்கு அந்த 2015 பரிசைக் கொடுத்திருக்கலாம். இந்தக் கணக்கைப் போட்ட நாளிலிருந்து என்னால் அதை மறக்க முடியவில்லை.

நிதி நிறுவனங்களின் மக்கள் தொடர்புப் பணியில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். சேமிப்பை நிர்வகிக்கும் நிறுவனங்கள், ஆலோசகர்கள், புதிய தொழில்களில் பணம் போடும் வெஞ்சர் மூலதன நிறுவனங்கள் எல்லாருக்கும் இளைஞர்களிடம் நல்ல பெயர் வேண்டும். இருபது வயதில் மனத்தில் பதிந்த பெயரைத்தான் முதல் சம்பளம் வந்ததும் தேடிப் போவார்கள் என்பது அவர்களின் நம்பிக்கை. அந்த இருபது வயதுக்காரர்கள் கூடும் இடங்களில் கல்லூரி இ-ஸ்போர்ட்ஸ் அரங்கும், அதாவது கணினி விளையாட்டுப் போட்டிகளுக்கான இடமும், இன்று ஒன்று. அங்கே போக எனக்குத் தெரிந்து நான்கு வழிகள் உண்டு. நான்கும் சம மதிப்புள்ளவை அல்ல.

முதலில் களத்தைப் பற்றிச் சில வரிகள். 2014இல் சிகாகோவின் ராபர்ட் மோரிஸ் பல்கலைக்கழகம் 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' என்ற கணினி விளையாட்டை ஆடும் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்திலும் விடுதிச் செலவிலும் பாதி வரை உதவித்தொகை அறிவித்தது. அமெரிக்காவில் அதுவே முதல் முறை. 2016இல் கலிஃபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகம் 70க்கும் மேற்பட்ட கணினிகளோடு ஓர் அரங்கத்தைத் திறந்தது. அதே ஆண்டு கல்லூரி இ-ஸ்போர்ட்ஸுக்கென நேஸ் என்ற தேசியச் சங்கம் உருவானது. இன்று அதன் உறுப்பினர்கள் 200ஐத் தாண்டிவிட்டார்கள். பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் பல்கலைக்கழகம் அணியில் இருந்த அனைவருக்குமே முழு உதவித்தொகை கொடுத்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் எம்.எஸ். படிக்கப் போகும் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகமும் 2018இல் அணி அமைத்தது. மாணவர் சேர்க்கைக்குத் திண்டாடும் சிறு கல்லூரிகளுக்கு இது மலிவான ஈர்ப்பு. கால்பந்து மைதானம் கட்டும் செலவில் நூறில் ஒரு பங்கு கூட ஆகாது. ஓர் அறை, நல்ல கணினிகள், ஒரு பயிற்சியாளர் இருந்தால் போதும்.

முதல் வழி பெயர்ப்பலகை: ஜெர்சி, அணி, மைதானம்.

வேகமான வழி இதுதான். கையெழுத்திட்ட மறுநாளே செய்தி. எஃப்டிஎக்ஸ் 2021 ஜூனில் டிஎஸ்எம் என்ற தொழில்முறை அணியின் பெயரோடு தன் பெயரைச் சேர்க்கப் பத்தாண்டுகளுக்கு 21 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. உலகம் முழுவதும் அது செய்தியானது. ஆனால் அந்த அணியை மக்கள் அதிகம் பார்த்ததே 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' போட்டிகளில்தான். அதை நடத்தும் ரயட் நிறுவனம், கிரிப்டோ பரிவர்த்தனை நிறுவனங்களின் பெயர் அணிகளின் ஜெர்சியில் வரக் கூடாது என்ற தன் விதியைக் காட்டி, அங்கே அந்தப் பெயரைப் பயன்படுத்த விடவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே ரயட் தன் வட அமெரிக்க லீகுக்கு எஃப்டிஎக்ஸையே ஏழாண்டு விளம்பரதாரராகச் சேர்த்துக்கொண்டது. 21 கோடி பேசியவர், பெயர் எங்கே தெரியும், எங்கே தெரியாது என்பதைத் தான் முடிவு செய்ய முடியவில்லை.

எஃப்டிஎக்ஸ் ஒரு விதிவிலக்கு, நேர்மையான நிறுவனத்துக்கு இது பொருந்தாது என்று சொல்வார்கள். ஓரளவு உண்மை. ஆனால் நேர்மையான நிறுவனத்துக்கும் சந்தை சரியும்; செலவைக் குறைக்கும் ஆண்டில் முதலில் வெட்டு விழுவது விளம்பர ஒதுக்கீட்டுக்குத்தான். அப்போது பலகை இறங்குவதைப் படம் பிடிக்க ஆள் இருக்கும். பெயர் ஏறிய நாளைவிட இறங்கிய நாள்தான் அதிகம் நினைவில் நிற்கும். மக்களின் சேமிப்பைக் கையாளும் நிறுவனத்துக்கு அதைவிடப் பெரிய தீங்கு இல்லை.

இரண்டாவது வழி விளையாட்டுத் தயாரிப்பாளர் நடத்தும் கல்லூரிப் போட்டிகளுக்கு ஆதரவு. பெயர்ப்பலகையைவிட இது மேல்: பணம் மாணவர் வரை போகிறது, பெர்க்லி ஐவரே சாட்சி. ஆனால் கூடைப்பந்துக்கு உரிமையாளர் என்று யாரும் இல்லை. கணினி விளையாட்டுக்கு உண்டு. உரிமையாளர் நினைத்தால் களமே மறைந்துவிடும். 'ஹீரோஸ் ஆஃப் த டார்ம்' போட்டியை நடத்திய பிளிஸார்ட், 2018 டிசம்பரில் அதில் ஆடப்பட்ட 'ஹீரோஸ் ஆஃப் த ஸ்டார்ம்' விளையாட்டின் தொழில்முறைத் தொடரையும் கல்லூரித் தொடரையும் அடுத்த ஆண்டு நடத்தப்போவதில்லை என்று ஓர் அறிவிப்பில் முடித்துவிட்டது. அதற்காகவே வருடக்கணக்கில் பயிற்சி எடுத்த மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். தயாரிப்பாளர்களின் சொந்தச் சிக்கலும் விளம்பரதாரர் தலையில் விடியும். பெண் ஊழியர்களை நடத்திய விதம் குறித்த வழக்கை முடிக்க ரயட் 2021இல் 10 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு பிளிஸார்டின் தாய் நிறுவனத்தின் மீது கலிஃபோர்னியா அரசே வழக்குத் தொடுத்தது.

மூன்றாவது வழி சொந்தக் கதை சொல்வது. நிறுவனமே பத்திரிகை ஆசிரியர் போலத் தன் இணையதளத்தில் நீண்ட கட்டுரை எழுதுவிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கதைநாயகன் ஒரு விளையாட்டுப் பிரியராக இருந்தால் இளைஞர்களுக்குப் பிடிக்கும் என்ற கணக்கும் உண்டு.

இதில் நான் கூர்ந்து படித்த சம்பவம் ஒன்று இருக்கிறது. 2022 செப்டம்பரில் செக்வோயா என்ற பெரிய வெஞ்சர் மூலதன நிறுவனம், எஃப்டிஎக்ஸ் நிறுவனர் சாம் பேங்க்மன்-ஃப்ரீட் பற்றி மிக நீண்ட கட்டுரையைத் தன் தளத்தில் வெளியிட்டது. அதில் ஒரு காட்சி: காணொளிக் கூட்டத்தில் அவர் தன் திட்டத்தை விளக்குகிறார், பணத்தை வைத்து என்ன செய்ய நினைத்தாலும், ஒரு வாழைப்பழம் வாங்குவது உட்பட, எல்லாவற்றையும் ஒரே செயலியில் செய்ய முடிய வேண்டும் என்கிறார். செக்வோயாவின் கூட்டாளர்கள் தங்கள் உரையாடல் பெட்டியில் அவரைப் புகழ்ந்து தள்ளுகிறார்கள். அந்தக் கூட்டம் முழுவதும் அவர் 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' ஆடிக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிகிறது. கட்டுரை அதை மேதையின் அடையாளமாக எழுதியது. இரண்டே மாதத்தில், நவம்பர் 9 அன்று, செக்வோயா தான் போட்ட 21 கோடி டாலருக்கும் மேற்பட்ட முதலீட்டின் மதிப்பைப் பூஜ்யம் என்று கணக்கில் எழுதியது. கட்டுரை தளத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள் பிரதிகள் எங்கும் பரவிவிட்டன; இன்றும் தேடுபவர்களுக்குக் கிடைக்கிறது.

மற்றவர் பணத்தை எங்கே போடுவது என்று முடிவு செய்யும் நிறுவனம், எதிரில் இருப்பவர் விளையாடிக்கொண்டிருந்ததைப் பெருமையாக எழுதியது என்பது என்னை இன்றும் வருத்துகிறது. விளையாட்டின் மீது குறை இல்லை. மாணவர்கள் அதே விளையாட்டுக்கு நாளும் மணிக்கணக்கில் உழைக்கிறார்கள்; தோற்ற ஆட்டத்தின் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்; கவனம் சிதறினால் பயிற்சியாளரிடம் திட்டு வாங்குகிறார்கள். அந்த உழைப்பைப் பற்றி எழுதியிருந்தால் நீக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

நான்காவது வழி வளாகத்துக்கே நேராகப் போவது: உதவித்தொகை, பயிற்சியாளர் சம்பளம், அரங்கக் கட்டமைப்பு. என் தேர்வு இதுதான். இதிலும் யார் வழியாகப் போவது என்ற கேள்வி இருக்கிறது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்சிஏஏ அமைப்பு 2019இல் இ-ஸ்போர்ட்ஸைத் தன் குடையின்கீழ் கொண்டுவரும் யோசனையை ஒத்திவைத்தது. விளையாட்டுகளில் வரும் வன்முறை, வீரர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பது ஆகிய இரண்டும் அதன் தலைவர் அப்போது வெளிப்படையாகச் சொன்ன கவலைகள். பரிசுப் பணம் வாங்குவதும், மாணவர் பணத்துக்காக ஆடக் கூடாது என்ற அதன் அப்போதைய அமெச்சூர் விதிகளோடு ஒத்துப்போகவில்லை. ஆகவே ஒவ்வொரு கல்லூரியும் தன் விருப்பப்படி அமைத்துக்கொண்டது. டாலஸ் வளாகத்தில் அணி உடற்கல்வி, விளையாட்டுத் துறையின்கீழ் இருக்கிறது. அர்வைனில் மாணவர் நலத் துறையின்கீழ். விளையாட்டுத் துறையில் பயிற்சி, பயணம், மருத்துவ உதவி எல்லாவற்றுக்கும் பழகிய ஒழுங்கு உண்டு. ஆனால் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் பின்னால் கடைசி வரிசைதான் கிடைக்கும். மாணவர் நலத் துறையில் அரங்கம் எல்லா மாணவருக்கும் திறந்திருக்கிறது. அர்வைனில் அணியில் இல்லாதவரும் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி அமரலாம். பெண்களும் தயங்காமல் வந்து ஆட வேண்டும் என்பதற்காகத் தனித் திட்டமே எழுதிவைத்தார்கள். பத்து நட்சத்திர வீரர்களைவிட, மாலையில் வந்து போகும் நூற்றுக்கணக்கான மாணவர்கள்தான் ஒரு நிதி நிறுவனத்துக்கு நாளைய வாடிக்கையாளர்கள். நேஸ் போன்ற சங்கத்துக்குத் தருவது இரண்டுக்கும் நடுவில்: பரப்பு அதிகம், நெருக்கம் குறைவு. எந்த ஊரிலும் வேர் இல்லாத தேசிய நிறுவனத்துக்கு அது பொருந்தும். ஒரு நகரத்தில் வேரூன்றிய ஆலோசனை நிறுவனத்துக்கு அந்த ஊர்க் கல்லூரியே போதும்.

இந்த இடத்தில் நம் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பவர் அமெரிக்காவில் வேலை செய்ய இறுக்கமான வரம்புகள் உண்டு. ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தில் தோன்றி அதற்குப் பணம் வாங்குவது வேலையாகக் கருதப்படும் ஆபத்து இருக்கிறது, விசாவே போகலாம். உதவித்தொகைக்கு அந்தச் சிக்கல் இல்லை. அணியில் ஒரு சென்னைப் பையனோ கோவைப் பெண்ணோ இருந்தால், முகத்தைக் கேட்கும் நிறுவனத்தைவிடக் கட்டணத்தைக் கட்டும் நிறுவனம்தான் அவர்களுக்கு உதவும்.

முகம் என்றதும் சட்டம் வருகிறது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர்கள், வாடிக்கையாளரின் சான்றுரையை விளம்பரத்தில் பயன்படுத்த 1961 முதல் தடை இருந்தது. 2020 டிசம்பரில் புதிய விதி அதைத் தளர்த்தியது. 2022 நவம்பர் 4 முதல் எல்லாரும் அதைப் பின்பற்றியாக வேண்டும். இப்போது ஒரு வீரர் நேரலையில் ஆடிக்கொண்டே "இவர்களிடம்தான் என் பணத்தைக் கொடுத்திருக்கிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்" என்று சொல்லலாம். ஆனால் அவர் வாடிக்கையாளரா, காசு வாங்கினாரா, அவருக்கு வேறு ஆதாயம் உண்டா என்பது அங்கேயே தெளிவாகத் தெரிய வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் 1,000 டாலருக்கு மேல் கொடுத்தால் எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் வேண்டும். நான்கு மணி நேர நேரலையில் பத்தொன்பது வயது மாணவர் வாயிலிருந்து எந்த வாக்கியம் எப்போது வரும் என்று எந்தச் சட்டப்பிரிவு அதிகாரியாலும் கண்காணிக்க முடியாது. கட்டணம் வாங்கியதைச் சொல்லாமல் ஒரு கிரிப்டோ நாணயத்தைப் பரிந்துரைத்ததற்காக, 2022இல் கிம் கர்தாஷியன் 12.6 லட்சம் டாலர் கட்டி ஆணையத்துடன் சமரசம் செய்துகொண்டார். சுற்றிலும் வழக்கறிஞர்கள் இருக்கும் பிரபலத்துக்கே அந்த நிலை. பொதுமக்களிடம் பணம் திரட்டும் எந்த நிறுவனமும் மாணவரின் வாயை விலைக்கு வாங்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

வாடிக்கையாளரைத் தேடாமல் ஊழியர்களைத் தேடும், நிதிச் சந்தையில் வாங்கி விற்கும் வர்த்தக நிறுவனங்களின் நிலை வேறு. சஸ்குவெஹன்னா தன் வர்த்தகர்களுக்குப் போக்கர் கற்றுக்கொடுக்கிறது. ஜேன் ஸ்ட்ரீட் 'ஃபிகி' என்ற சீட்டாட்டத்தையே உருவாக்கியிருக்கிறது. அரைகுறைத் தகவலில் வேகமாக முடிவெடுக்கும் ஆள் அவர்களுக்கு வேண்டும். அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு அரங்கத்தில் ஒரு பயிலரங்கு, கோடை விடுமுறையில் பயிற்சி வேலை, அவ்வளவே போதும்.

நான்காம் வழியின் குறையையும் மறைக்க மாட்டேன். அது மெதுவானது. முதல் ஆண்டு ஒரு வரிச் செய்திகூட வராது. இயக்குநர் குழு "இதனால் என்ன பலன்?" என்று கேட்கும்; காட்டுவதற்கு எண் இருக்காது. ஆகவே ஒப்பந்தம் எழுதும்போது, நான்காண்டுக் கட்டணத்தைத் தவணையாக வைக்காமல் மொத்தமாகப் பல்கலைக்கழக அறக்கட்டளையில் முதலிலேயே செலுத்திவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். விளையாட்டு மாறினாலும் உதவித்தொகை தொடரும் என்று ஒரு வரி, மாணவர் அணியிலிருந்து விலகினாலும் படிப்பு முடியும்வரை கட்டணம் உண்டு என்று இன்னொரு வரி. நிறுவனத்தின் பெயர் மாணவரின் ஜெர்சியில் வர வேண்டாம்; உதவித்தொகைக் கடிதத்தின் தலைப்பில் வரட்டும். அந்தக் கடிதத்தை அவருடைய அம்மா எடுத்துப் பத்திரமாக வைப்பார்.