கடற்கரையா, மலையா, ஊரா: ரோல்பிளே ஆட்டத்துக்கான வரைபடத்தை எங்கே தொடங்குவது?

ரோல்பிளே ஆட்டத்துக்கு, அதாவது ஒருவர் நடத்த மற்றவர்கள் பாத்திரங்களாக மாறி ஆடும் கதை ஆட்டத்துக்கு, ஒரு கற்பனை நாட்டை வரைய உட்காருபவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். கடற்கரைக் கோட்டை முதலில் போட்டுவிட்டு உள்ளே நிரப்புவது ஒன்று. மலை, காற்று, நீர் முதலில், மற்றதெல்லாம் பிறகு என்பது இன்னொன்று. ஒரே ஒரு ஊரை வரைந்து, ஆட்டம் நகர நகர வெளியே விரிப்பது மூன்றாவது. பல மாதம் நீளும் ஆட்டத்துக்கு மலையில் தொடங்கும் வழிதான் தாக்குப்பிடிக்கும் என்பது எங்கள் முடிவு. அதை உரசிப் பார்க்கக் குமரி மாவட்டத்தைவிட நல்ல இடம் இல்லை. சுமார் 1,672 சதுர கிலோமீட்டருக்குள் மலை, காடு, கணவாய், வயல், குளம், பொழி (ஆறு கடலில் சேரும் வாய்), துறைமுகம் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது.

கடற்கரையில் தொடங்குவது

வேகமான வழி இதுதான். கால் மணி நேரத்தில் தாளில் ஒரு நாடு வந்துவிடும், பார்க்கவும் அழகாக இருக்கும். கோளாறு பிறகுதான் தெரியும். கை போன போக்கில் வளைத்த கோடு, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நெளிந்திருக்கும். உண்மைக் கரை அப்படி இருக்காது. நம் மேற்குக் கரையைப் பாருங்கள்: நெடுந்தூரம் மணல், முட்டம் போன்ற இடத்தில் மட்டும் பாறை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆறு வந்து சேரும் இடத்தில் பொழி. பாறை எங்கே இறங்குகிறது, ஆறு எங்கே மணலைக் கொண்டுவந்து தள்ளுகிறது என்பதெல்லாம் தெரியாமல் கரையின் வடிவம் தெரியாது.

இரண்டாவது கோளாறு இன்னும் பெரியது. கரை முடிந்ததும் நடுவில் வெற்றிடம் மிஞ்சும், மலையை அங்கே கொண்டுபோய்ச் சொருகுவார்கள். ஆறு கடைசியாக வரும். அதற்குள் ஊர்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டதால், ஆறு மலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். தீவுக்கூட்டம், கடற்பயணம், ஒரே அமர்வில் முடியும் கதை என்றால் இந்த வழி போதும். அப்போதும் கரையைப் பென்சிலில் விட்டுவைத்து, ஆறு முடிந்த பிறகு முகத்துவாரங்களைத் திருத்துங்கள்.

மலையில் தொடங்குவது

ஏ3 தாள் ஒன்று, பென்சில், மூன்று மணி நேரம். முதலில் மலைத்தொடரின் முதுகை ஒரே கோடாகப் போடுங்கள். முக்கோணங்களை வரிசையாக அடுக்க வேண்டாம். கோட்டில் ஒன்றிரண்டு இடத்தில் இடைவெளி விடுங்கள், அதுதான் கணவாய். தொடரிலிருந்து விலகி, மருந்துவாழ்மலை மாதிரி தனித்த குன்றுகள் இரண்டு மூன்று போதும்.

அடுத்து, மழைக்காற்று வரும் திசைக்கு ஒரு அம்பு. காற்று மோதி மேலேறும் பக்கத்தில் ஈரம் குளிர்ந்து மழையாகும். மறுபக்கம் இறங்கும்போது காற்று வறண்டிருக்கும். தென்மேற்குப் பருவத்தில் குலசேகரம் பக்கம் நனைந்து கிடக்க, தொடரைத் தாண்டிய பணகுடி பக்கம் முள்மரக்காடாக இருப்பது இதனால்தான். ரப்பர் தோட்டத்துக்கும் முள்காட்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தேவையில்லை, ஒரு மலைமுதுகு போதும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மலை இடைவெளிக்குள் நெருக்கப்பட்டு வேகம் பிடிக்கிறது. முப்பந்தல் காற்றாலைகள் அங்கே நிற்பதற்கு அதுவே காரணம். உங்கள் கணவாயிலும் காற்று அடிக்கட்டும். வில்லாளிக்கும் தீப்பந்தத்துக்கும் அங்கே தனி விதி வைக்கலாம்.

மூன்றாவது ஆறு. பெரும்பாலான வரைபடங்கள் கெடுவது இங்கேதான். ஆறுகள் கீழே போகப் போகச் சேரும், பிரியாது. கடலோரச் சமவெளியில் வண்டல் படியும் கழிமுகம் மட்டும் விலக்கு. பரளியாறும் கோதையாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலை அடைகின்றன. வள்ளியாறு கடியபட்டணத்துக்கும் பழையாறு மணக்குடிக்கும் தனித்தனியே போகின்றன. இந்த மூன்று நீர்வழிகளுக்கும் நடுவே மேட்டு நிலம் இருக்கிறது. உங்கள் தாளிலும் ஒவ்வோர் இரண்டு ஆறுகளுக்கும் நடுவே விரலால் ஒரு மேட்டைக் காட்ட முடிய வேண்டும். ஏரிக்கு வெளியேறும் வாய் ஒன்றுதான். இரண்டு வாய் இருந்தால், ஆழமாக அரிபடும் வாய் நீரையெல்லாம் எடுத்துக்கொள்ள, மற்றது காலப்போக்கில் வறண்டுவிடும்.

மனிதர் கட்டியது வேறு கணக்கு. 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையிலிருந்து கிளம்பும் சானல்கள் மேட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போகின்றன, பிரியவும் செய்கின்றன. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் சானல் நீர், பரளியாற்றுப் பள்ளத்துக்கு மேலே ஏறத்தாழ 115 அடி உயரத்தில் கடக்கிறது. ஆக, வரைபடத்தில் ஆறு பிரிந்தே ஆக வேண்டுமென்றால் அந்த இடத்தில் ஒரு கட்டுமானத்தை வையுங்கள். யார் கட்டினார், மடையைத் திறக்கும் உரிமை யாருக்கு, கோடையில் கடைமடை ஊர் எவரோடு சண்டைக்குப் போகிறது என்று மூன்று வரி எழுதினால் இரண்டு அமர்வுக்குக் கதை கிடைத்துவிடும்.

கரை, காடு, ஊர், வழி, எல்லை எல்லாம் இதற்குப் பிறகு. எல்லையைக் கடைசியில் போடுவதால், காவல் எங்கே தேவை என்பது தானாகத் தெரியும். திருவிதாங்கூருக்கு இந்தப் பக்கம் இரண்டு வாசல்கள். 1741இல் டச்சுக்காரர் தோற்றது குளச்சல் கரையில். 1809இல் கிழக்கிலிருந்து வந்த ஆங்கிலேயக் கம்பெனிப் படை நுழைந்தது ஆரல்வாய்மொழி வழியாக. அதன் பழைய தலைநகரான பத்மநாபபுரமும் உதயகிரிக் கோட்டையும் இரண்டு வாசலையும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மலையும் கரையும் சரியாக அமைந்த தாளில் தலைநகருக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்த வழிக்கும் ஒரு கெடுதி உண்டு: வரைபவர் நிறுத்த மாட்டார். பாறை வகை, கடல் நீரோட்டம், ஐந்நூறு ஆண்டு வரலாறு என்று போய், ஆட்டம் தொடங்கவே தொடங்காது. மூன்று மணி நேரம் ஆனதும் பென்சிலைக் கீழே வையுங்கள்.

ஊரில் தொடங்குவது

புதிதாக ஆட்டம் நடத்துபவருக்கு இதுதான் ஏற்றது. சந்தை, கோயில், குளம், மூன்று தெரு, பத்துப் பெயர். ஒரே மாலையில் தயார். சிக்கல், குழு ஊரைத் தாண்டும்போது வரும். முதல் அமர்வில் வடக்கே ஓடிய ஆறு நான்காம் அமர்வில் தெற்கே ஓட வேண்டியதாகும். ஆட்டக்காரர்கள் அதைக் கட்டாயம் கவனிப்பார்கள்.

நான்கு முடிவுகளை முன்கூட்டியே எடுத்தால் இதைத் தவிர்க்கலாம்: மேடு எந்தப் பக்கம், நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மழை எங்கிருந்து வருகிறது, இந்த ஊரில் விளையாத எந்தப் பொருள் எந்த வழியாக வருகிறது. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குமரிக் கடலோரப் புத்தளத்தின் உப்பளத்து உப்பு மலைக்கு ஏற வேண்டும், மலைத்தேனும் மிளகும் கீழே இறங்க வேண்டும். வழி உண்டாவதும், வழியில் சந்தை உண்டாவதும் அதனால்தான். நடந்து போய் விற்றுவிட்டு இருட்டுமுன் திரும்ப வேண்டும் என்பதால், சந்தைக்கும் அதைச் சேர்ந்த ஊர்களுக்கும் இடையே 8 முதல் 12 கிலோமீட்டர் வரை வைக்கலாம்.

கட்டம் எவ்வளவு பெரியது?

பயண தூரத்தை எண்ண வரைபடத்தின் மேல் கட்டம் போடுவார்கள். பலரும் பழகியது 6 மைல், அதாவது ஏறக்குறைய 10 கிலோமீட்டர் அகல அறுகோணக் கட்டம். அப்படி ஒரு கட்டம் சுமார் 87 சதுர கிலோமீட்டர். முழுக் குமரி மாவட்டமும் இருபதுக்குள் அடங்கிவிடும். அந்த அளவில் பத்மநாபபுரமும் தக்கலையும் ஒரே கட்டத்துக்குள் விழும். நடைப்பயணக் கதைக்கு 5 கிலோமீட்டர் கட்டமே மேல். ஒரு கட்டத்துக்கு ஏறக்குறைய 22 சதுர கிலோமீட்டர், மாவட்டத்துக்கு 77 கட்டம், சமதரையில் ஒரு கட்டத்துக்கு ஒரு மணி நேரம். நாளுக்கு 8 கட்டம். காட்டிலும் ஏற்றத்திலும் பாதி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பிரபல ரோல்பிளே ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் சாதாரண நடை நாளுக்கு 24 மைல், அதாவது சுமார் 39 கிலோமீட்டர் என்பதால் கணக்கும் ஒத்துப்போகும். சமதரையில் நிற்பவருக்கு அடிவானம் 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆகவே அடுத்த கட்டத்தில் என்ன தெரிகிறது என்று சொல்வதும் எளிது.

மென்பொருளும் உண்மைப் படமும்

அஸ்கார் என்பவர் உருவாக்கிய கற்பனை வரைபட நிரல் இலவசம், உலாவியிலேயே ஓடும். உயரத்தைக் கணக்கிட்டு ஆற்றை ஓடவிடுவதால் ஆற்றுப் பிழை குறைவு. ஆனால் அது கண்டம் கண்டமாக வரைகிறது. உங்களுக்குத் தேவை அதில் ஒரு மூலை. இன்கார்னேட், வொண்டர்டிராஃப்ட் இரண்டும் தீட்டும் கருவிகள், நீங்கள் ஆற்றை மலையேற்றினாலும் தடுக்காது. பென்சில் வேலை முடிந்த பிறகு அழகுபடுத்த அவை நல்லவை.

உண்மையான நிலப்படத்திலிருந்து எடுப்பது எங்களுக்குப் பிடித்த துணை வழி. கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் 30 மீட்டர் நுணுக்கமுள்ள எஸ்ஆர்டிஎம் (விண்கல ரேடார் அளந்த) உயரத் தரவை ஏற்றி, 50 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு எடுத்தால் மலையும் பள்ளத்தாக்கும் பிழையில்லாமல் வந்துவிடும். கன்னியாகுமரி முனையை மட்டும் வெட்டிவிடுங்கள். அதை வைத்துக்கொண்டால் நாகர்கோவில்காரர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். படத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றினால் மழைக்காற்றின் அம்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். இதை மறந்தால் காடு வறண்ட பக்கத்தில் நிற்கும். நீள அகலத்தை இரட்டிப்பாக்கினால் நடை நேரம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. ஊர்களின் எண்ணிக்கையை அப்படியே விட்டால் நாடு ஆளற்றுக் கிடக்கும். நான்கு மடங்காக்கினால் அத்தனைக்கும் பெயர் வேண்டும். ஒன்றரை மடங்கோடு நிறுத்தினால் பரப்பு இரண்டேகால் மடங்குதான் ஆகும், சமாளிக்கலாம்.